அணுக்களின் அதிர்வும் உருகுநிலையும்: வாசகர் கேள்வி பதில்

திண்மங்கள் உருகுவதைப் பற்றி வாசகர்கள் எழுப்பியிருக்கும் கேள்விகளுள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: அணுக்களின் அதிர்வுக்கும் உருகுநிலைக்கும் உள்ள தொடர்பு. அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும் கேள்விகளை மட்டும் தேர்ந்து, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகிறது, டங்ஸ்டனோ 3422 டிகிரி வரை தாங்குகிறது. அணுக்கள் வேகமாக அதிர்வதால்தான் பொருள் உருகுகிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஈயத்தின் அணுக்கள் டங்ஸ்டன் அணுக்களைவிட வேகமாக அதிர்கின்றனவா?

பதில்: இல்லை, உண்மை இதற்கு நேர்மாறானது. நீங்கள் இந்த இரண்டு உலோகங்களைத் தேர்ந்தெடுத்தது மிகவும் பொருத்தம். ஏனெனில் அவற்றின் அணு நிறைகள் (ஈயம் 207, டங்ஸ்டன் 184) பெரிதாக வேறுபடவில்லை. அறை வெப்பநிலையிலும் அதற்கு மேலும், வெப்பநிலை என்பது அணுக்களின் சராசரி இயக்க ஆற்றலைக் குறிக்கும் அளவே ஆகையால், நிறை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இந்த இரு அணுக்களும் ஒரே வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் நகர்கின்றன. அறை வெப்பநிலையில் அந்த வேகம் இரண்டுக்குமே நொடிக்குச் சுமார் 200 மீட்டர். அந்த வேகத்தோடு கிளம்பும் அணு எவ்வளவு தொலைவு சென்ற பிறகு திருப்பி இழுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

படிகத்தில் ஒவ்வோர் அணுவும் தன் அண்டை அணுக்களோடு, சுருள்வில்லால் கட்டப்பட்டதைப் போன்ற பிணைப்பில் இருக்கிறது. டங்ஸ்டனில் அந்த வில் ஈயத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 12 மடங்கு விறைப்பானது. ஆகவே டங்ஸ்டன் அணு சிறிது தொலைவு போவதற்குள்ளேயே திருப்பி இழுக்கப்பட்டுவிடுகிறது. அதன் வீச்சு, அதாவது அது விலகி ஆடும் தொலைவு, குறைவு, அதே காரணத்தால் அதன் அதிர்வெண் அதிகம். திண்மத்தில் நிகழக்கூடிய அதிர்வுகளின் மேல் எல்லையை வெப்பநிலை அலகில் சொல்லும் டிபை வெப்பநிலை, ஈயத்துக்கு 105 கெல்வின், டங்ஸ்டனுக்கு ஏறத்தாழ 400 கெல்வின். அதிர்வெண்ணாக மாற்றினால், முன்னது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கோடி அதிர்வுகள். பின்னது சுமார் 8 லட்சம் கோடி. வேகமாக அதிர்வது டங்ஸ்டன்தான். முதலில் உருகுவதோ மெதுவாக, ஆனால் அகலமாக ஆடும் ஈயம்.

எனவே உருகுதலோடு ஒப்பிட வேண்டியது அதிர்வின் வீச்சை. அதையும் தனியாகப் பார்க்காமல், அடுத்த அணு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை 1910-ஆம் ஆண்டில் ஒரு விதியாக எழுதியவர் பெர்லினில் வேதியியலாளர் நெர்ன்ஸ்டின் ஆய்வகத்தில் பணியாற்றிய இளம் இயற்பியலாளர் பிரெடெரிக் லிண்டமன். இவரே பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர். உருகுதலை விளக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கமாக இருந்ததாகக் கருத முடியாது. 1907-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட தன்வெப்பக் கொள்கையை (ஒரு பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பதை விளக்குவது) பயன்படுத்த ஒவ்வொரு திண்மத்துக்கும் அதன் அதிர்வெண் தேவைப்பட்டது; அதை நேரடியாக அளக்கும் வழி அப்போது எளிதாக இல்லை. உருகுநிலை எல்லாருக்கும் தெரிந்த எண். அதிலிருந்து அதிர்வெண்ணைக் கணக்கிட்டுவிடலாம் என்று லிண்டமன் கண்டார். வெப்பம் ஏற ஏற வீச்சு பெருகி, அண்டை அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் அளவை எட்டும்போது படிகம் குலையும் என்பது அவருடைய படம்.

மோதல் என்ற அந்தப் படம் பின்னர் நிலைக்கவில்லை, விதி நிலைத்தது. இன்று நாம் சொல்லும் வடிவம் இது: அணு தன் இருப்பிடத்திலிருந்து விலகும் தொலைவின் சராசரி அளவு (விலகல்களின் இருமடிகளைச் சராசரியாக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்துப் பெறுவது), அண்டை அணுவுக்கான தொலைவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எட்டும்போது திண்மம் உருகுகிறது. டிபை வெப்பநிலைகளைக் கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். உருகுநிலையில் ஈய அணுவின் விலகல் 0.34 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அண்டைத் தொலைவு 3.50, விகிதம் சுமார் 0.10. செம்புக்கு 0.28, 2.56, விகிதம் 0.11. அலுமினியத்துக்கு 0.29, 2.86, விகிதம் 0.10. டங்ஸ்டனுக்கு 0.23, 2.74, விகிதம் 0.09-க்குச் சற்றுக் குறைவு. உருகுநிலைகள் தனி வெப்பநிலை (கெல்வின்) அளவில் ஆறு மடங்குக்கு மேல் வேறுபடும் உலோகங்களிலும் இந்த விகிதம் இவ்வளவு நெருங்கி வருவதைக் காணும்போது, எத்தனை முறை பார்த்திருந்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அதே அறை வெப்பநிலையில் ஈய அணு அண்டைத் தொலைவில் ஏறத்தாழ 7 விழுக்காடு விலகி ஆடிக்கொண்டிருக்கிறது. டங்ஸ்டன் அணுவின் விலகல் 2.5 விழுக்காட்டையும் எட்டவில்லை. ஈயம் தன் எல்லைக்கு எவ்வளவு அருகில் வாழ்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

கேள்வி: கனமான அணு எளிதில் அசையாது அல்லவா? அப்படியானால் கனமான தனிமங்களுக்கே உருகுநிலை உயர்ந்திருக்க வேண்டுமே?

பதில்: லிண்டமன் விதியை வாய்பாடாக எழுதும்போது உருகுநிலை அணு நிறைக்கும், டிபை வெப்பநிலையின் இருமடிக்கும், அண்டைத் தொலைவின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருப்பதாக வரும். அதில் நிறை இருப்பதைக் கண்டு பலர் இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நிறை கூடினால் அதிர்வெண் அதற்கேற்பக் குறைகிறது. நிறையை அதிர்வெண்ணின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது பிணைப்பின் விறைப்பு மட்டுமே, அதில் நிறை மறைந்துவிடுகிறது. நிறை 201 கொண்ட பாதரசம் மைனஸ் 38.8 டிகிரியில் உருகுகிறது. நிறை 9 மட்டுமே கொண்ட பெரிலியம் 1287 டிகிரி வரை தாங்குகிறது. விறைப்புதான் வீச்சைத் தீர்மானிக்கிறது.

நிறை உண்மையாகவே குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. அது மிகக் குறைந்த வெப்பநிலைகளில், மிக லேசான அணுக்களிடம். குவாண்டம் விதிகளின்படி தனிச்சுழி வெப்பநிலையிலும் அணு முழுமையாக ஓய்வதில்லை. அந்தச் சுழிநிலை அதிர்வு, நிறை குறையக் குறைய அதிகமாகும். சாதாரண ஹைட்ரஜன் 14 கெல்வினில் உருகுகிறது. வேதியியல் பிணைப்பில் அதற்கு ஏறத்தாழ ஒத்த, ஆனால் இரு மடங்கு நிறையுள்ள டியூட்டீரியம் 18.7 கெல்வினில் உருகுகிறது. கனநீரால் (டியூட்டீரியம் அடங்கிய நீரால்) ஆன பனிக்கட்டி 0 டிகிரிக்குப் பதிலாக 3.8 டிகிரியில் உருகுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த விளைவுதான். இதன் உச்சம் ஹீலியம். அதன் அணுக்களிடையே ஈர்ப்பு மிக வலுவற்றது, நிறையும் சிறியது; ஆகவே வெப்பத்தை எவ்வளவு நீக்கினாலும், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது உறைவதே இல்லை. 1926-இல் நெதர்லாந்தின் லெய்டனில் இயற்பியலாளர் கீசோம் அதைத் திண்மமாக்கியபோது, சுமார் 25 வளிமண்டல அழுத்தமோ அதற்கு மேலோ கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த திண்ம ஹீலியத்தில் அணுக்கள் அண்டைத் தொலைவில் கால் பங்குக்கும் மேலாக ஆடுகின்றன. ஆனாலும் அது படிகமாகவே நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு என்ற அளவு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான மாறிலி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: அணு ஆடும் தொலைவை, அதுவும் ஆங்ஸ்ட்ராமில் ஒரு பகுதியை, எப்படி அளக்கிறார்கள்?

பதில்: எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்தினால், ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுத்தளங்களில் சிதறும் கதிர்கள் சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி, கூர்மையான புள்ளிகளாக விழுகின்றன. அணுக்கள் இடைவிடாது ஆடிக்கொண்டிருக்கையில் அந்தப் புள்ளிகள் மங்கலாகப் பரவிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. 1913-இல் டிபையும், அவருடைய கணக்கைத் திருத்தி 1923-இல் வாலரும் காட்டியது வேறு: வெப்பம் ஏறும்போது புள்ளிகளின் அகலம் மாறுவதில்லை, ஒளிர்வு மட்டும் குறைகிறது. குறைந்த ஒளி புள்ளிகளுக்கு இடையே மெல்லிய பின்னணியாகப் பரவுகிறது. ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்பது விலகலின் சராசரி இருமடியை மட்டுமே சார்ந்திருப்பதால், வெவ்வேறு வெப்பநிலைகளில் புள்ளிகளின் செறிவை அளந்தால் அணுக்களின் வீச்சு கைக்கு வந்துவிடுகிறது. நியூட்ரான் கதிர்களைக் கொண்டும் இதே அளவீட்டைச் செய்யலாம்.

கேள்வி: பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறுவதில்லை என்கிறார்கள். அப்படியானால் அந்த நேரத்தில் செலுத்தும் வெப்பம் அதிர்வைக் கூட்டவில்லையா?

பதில்: கூட்டவில்லை. வெப்பநிலை மாறாதவரை, ஓர் அணுவுக்குரிய சராசரி இயக்க ஆற்றலும் மாறாது. உருகுவதற்கு முன்னும் பின்னும் அணுக்கள் ஒரே வேகத்தில்தான் நகர்கின்றன. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் 334 ஜூல், அதே நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமான ஆற்றல். அவ்வளவும், ஒழுங்கான இருப்பிடங்களில் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருந்த பிணைப்புகளைத் தளர்த்துவதற்கே போகிறது. திண்மத்தில் அணு ஒரே புள்ளியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. திரவத்திலும் அது ஆடத்தான் செய்கிறது, ஆனால் சிறிது நேரம் ஆடிவிட்டு இருப்பிடத்தை மாற்றிக்கொள்கிறது, திரும்பி வர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

கேள்வி: வீச்சு அண்டைத் தொலைவில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அணு இன்னும் தன் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் படிகம் ஏன் குலைய வேண்டும்? இந்த விதி உருகுதலின் காரணத்தைச் சொல்கிறதா, அடையாளத்தை மட்டும் சொல்கிறதா?

பதில்: இந்தத் தொகுப்பில் மிகவும் ஆழமான கேள்வி இது, நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதுவதும் இதற்குத்தான். என் கருத்தில் லிண்டமன் விதி ஒரு நல்ல அடையாளம். அதை முழுக் காரணமாகக் கொள்ள இயலாது. அதற்கான காரணம் அந்த விதியின் அமைப்பிலேயே இருக்கிறது. அது திண்மத்தை மட்டும் பார்க்கிறது. உருகுதலோ திண்மம், திரவம் ஆகிய இரு நிலைகளுக்கு இடையே நடக்கும் போட்டி.

முதலில் கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். பத்தில் ஒரு பங்கு என்பது சராசரி. தனித்தனி அணுக்களின் விலகல்கள் அந்தச் சராசரியைச் சுற்றிப் பரந்து கிடக்கின்றன. எந்த ஒரு கணத்திலும் சில அணுக்கள் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு விலகியிருக்கும். இத்துடன், உருகுநிலையை நெருங்கும் உலோகங்களில் பத்தாயிரம் இருப்பிடங்களுக்குச் சில வீதம் அணு இல்லாத வெற்றிடங்களும் தோன்றிவிடுகின்றன. பிணைப்பு உண்மையான சுருள்வில்லைப் போலச் சீராக நடந்துகொள்வதும் இல்லை. அணுக்கள் நெருங்கும்போது கடுமையாக எதிர்க்கிறது, விலகும்போது தளர்ந்துகொடுக்கிறது. இந்தச் சமச்சீரின்மையால்தான் திண்மம் சூட்டில் விரிகிறது. விரிந்தபின் பிணைப்பு மேலும் தளர்கிறது, வீச்சு மேலும் கூடுகிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கு என்ற எல்லை, எல்லா அணுக்களும் கூண்டை உடைக்கும் கணம் என்று பொருள்படாது. படிகம் எல்லா வகையிலும் தளர்ந்துபோயிருக்கிறது என்பதற்கான ஓர் அளவுகோல் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

1939-இல் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் வேறொரு வழியில் முயன்றார். திண்மத்தைத் திரவத்திலிருந்து பிரித்துக் காட்டும் பண்பு, பக்கவாட்டில் சறுக்கித் தள்ளும் விசையை எதிர்த்து நிற்கும் விறைப்பு. வெப்பம் ஏற ஏற அது குறைந்து சுழியாகும் இடமே உருகுநிலை என்றார். எண்ணம் அழகானது. ஆனால் உலோகங்களை அளந்து பார்த்தால், உருகும் வாசலிலும் அந்த விறைப்பு குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சி நிற்கிறது. படிகம் தானாக நொறுங்கி விழும் இடத்துக்கு வருவதற்கு முன்பே உருகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

முன்பே உருகக் காரணம், திரவம் அதைவிட ஏற்புடைய நிலையாகிவிடுவதுதான். திண்மத்தில் ஆற்றல் குறைவு. திரவத்தில் அணுக்கள் அமையக்கூடிய வழிகள் அதிகம், அதாவது என்ட்ரோபி அதிகம். வெப்பநிலை ஏற ஏற இரண்டாவதன் எடை கூடுகிறது. இரண்டும் சமமாகும் வெப்பநிலையே உருகுநிலை. உருகுதலுக்கான உள்ளுறை வெப்பத்தை, அதாவது வெப்பநிலை ஏறாமல் உருக்குவதற்கே செலவாகும் வெப்பத்தை, உருகும்போது கூடும் என்ட்ரோபியால் வகுத்தால் உருகுநிலை கெல்வினில் கிடைத்துவிடும். இந்தக் கணக்கில் திரவத்தின் இயல்புக்குச் சம பங்கு உண்டு. பல உலோகங்களில் உருகும்போது கூடும் என்ட்ரோபி ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 8 முதல் 12 ஜூல் வரை மட்டுமே. உலோகங்களின் திரவங்கள் இப்படி ஒன்றையொன்று ஒத்திருப்பதால்தான், திண்மத்தை மட்டும் பார்க்கும் லிண்டமன் விதி அவற்றுக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று நான் கருதுகிறேன்.

பொருந்தாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கேலியம் 29.8 டிகிரியில், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும் உலோகம். அதன் டிபை வெப்பநிலையோ ஏறத்தாழ 320 கெல்வின், செம்புக்கு உரிய 343-க்கு அருகில். கணக்கிட்டால், உருகும் வேளையில் அதன் அணுக்கள் அண்டைத் தொலைவில் 5 அல்லது 6 விழுக்காடு மட்டுமே ஆடுகின்றன. லிண்டமன் எல்லையில் பாதி வழிதான். திண்ம கேலியத்தில் அணுக்கள் இணை இணையாகப் பிணைந்து நிற்கின்றன. உருகியதும் அந்தச் சிறப்பு அமைப்பு கலைந்து, திண்மத்தைவிட அடர்ந்த, முழு உலோகத் தன்மையுள்ள திரவம் உருவாகிறது. அதில் கூடும் என்ட்ரோபி ஏறத்தாழ 18 ஜூல், மற்ற உலோகங்களுக்கு உரியதில் சுமார் இரு மடங்கு. திண்மம் தளர்ந்துபோகும் முன்பே திரவம் அதை வென்றுவிடுகிறது. அதிர்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது விளங்காது.

கேள்வி: திண்மம் உள்ளேயிருந்து உருகத் தொடங்குகிறதா, வெளியேயிருந்தா?

பதில்: வெளியேயிருந்து. மேற்பரப்பில் உள்ள அணுவுக்கு ஒரு பக்கத்தில் அண்டை அணுக்கள் இல்லை. அதனால் அதன் பிணைப்பு தளர்ந்து, வீச்சு உள்ளே இருப்பதைவிடக் கணிசமாக அதிகமாகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் 0 டிகிரிக்குக் கீழேயும் மெல்லிய திரவப் படலம் இருக்க வேண்டும் என்று 1850-இலேயே பாரடே கருதினார். 1985-இல் பிரெங்கன், வான் டெர் வீன் ஆகிய இருவரும் ஈயப் படிகம் ஒன்றின் பரப்பு, உருகுநிலைக்குக் கீழேயே ஒழுங்கை இழக்கத் தொடங்குவதை அயனிக் கற்றையைக் கொண்டு நேரடியாகக் காட்டினார்கள். பெரும்பாலான அணுக்கள் மேற்பரப்பிலேயே இருக்கும் அளவுக்குப் பொருளைச் சிறிதாக்கினால் விளைவு இன்னும் பெரிதாகிறது: தங்கம் 1064 டிகிரியில் உருகும் என்றாலும், இரண்டு மூன்று நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் அதற்குப் பல நூறு டிகிரி கீழேயே உருகிவிடுகின்றன.

மறுபக்கச் சோதனையும் உண்டு. 962 டிகிரியில் உருகும் வெள்ளிப் படிகத்தின் மேல் அதைவிட உயர்ந்த உருகுநிலை கொண்ட தங்கத்தைப் பூசி, வெளிப்பரப்பு என்ற ஒன்றே இல்லாதபடி செய்தபோது, அந்த வெள்ளி தன் உருகுநிலையைத் தாண்டி இருபது டிகிரிக்கும் மேலாகத் திண்மமாகவே இருந்தது. 1986-இல் வெளியான முடிவு இது. உருகுநிலையில் அதிர்வு மட்டுமே படிகத்தை உடைத்துவிடுவதில்லை என்று மேலே சொன்னதற்கு, இதுவும் நல்ல சான்று.

கேள்வி: பூமியின் மையம் சூரியனின் மேற்பரப்பு அளவுக்குச் சூடானது என்கிறார்கள். அங்குள்ள இரும்பு எப்படித் திண்மமாக இருக்கிறது?

பதில்: அழுத்தம் அணுக்களை நெருக்கி, பிணைப்பை விறைப்பாக்குகிறது; அதனால் அதே வெப்பநிலையில் வீச்சு குறைகிறது, எல்லையை எட்டக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. சாதாரண அழுத்தத்தில் 1538 டிகிரியில் உருகும் இரும்புக்கு, பூமியின் உட்கருவின் விளிம்பில் நிலவும் ஏறத்தாழ 330 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 30 லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், உருகுநிலை 6000 கெல்வினை ஒட்டி உயர்ந்துவிடுகிறது. உருகும்போது சுருங்கும் பனிக்கட்டியும் கேலியமும் இதற்கு விலக்கு. அவற்றை அழுத்தினால் உருகுநிலை இறங்கும். புவி இயற்பியலாளர்கள் நெடுங்காலமாக லிண்டமன் விதியைப் பயன்படுத்தி வருவதும் இங்கேதான்: ஆய்வகத்தில் எட்டுவதற்குக் கடினமான அழுத்தங்களில் இரும்பின் விறைப்பு எப்படி மாறும் என்று கணித்து, அதிலிருந்து உருகுநிலையை மதிப்பிடுவார்கள். வெளிக்கரு திரவமாகவும் உட்கரு திண்மமாகவும் இருப்பதை நிலநடுக்க அலைகள் காட்டிவிட்டதால், இரண்டும் சந்திக்கும் எல்லையின் வெப்பநிலை, அங்குள்ள அழுத்தத்தில் இரும்புக் கலவையின் உருகுநிலையாகவே இருந்தாக வேண்டும். அந்த ஆழத்துக்கு எந்த வெப்பமானியும் சென்றதில்லை. அங்கு நிலவும் சூட்டை நாம் அறிவது இந்த வழியில்தான்.